வெளியே போயிருந்த புத்தகம்

அந்த மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கு இரண்டு வாசல். பெரிய வாசல் மாணவர்களுக்கும் டாக்டர்களுக்கும். பக்கவாட்டில், புறநோயாளிகள் பிரிவை ஒட்டி, வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வாசல் உண்டு. அது பொதுமக்களுக்கு. யார் வேண்டுமானாலும் வரலாம். அட்டை வேண்டாம், சிபாரிசு வேண்டாம். கேட்ட புத்தகத்தை அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வைத்துவிட்டுப் போகலாம். அந்த வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே கிடக்கிற மேஜைக்குப் பின்னால்தான் பெரியவள் தன் வாழ்க்கையின் பாதியைக் கழித்தாள்.

பெரியவள் என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர். அவளுக்கு அடுத்துப் பிறந்தவள் சின்னவள். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகும், தலையில் நரை விழுந்த பிறகும், அக்காள் தங்கை இருவருக்கும் இந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. பெரியவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. வந்த ஒன்றிரண்டு இடமும் ஏதோ காரணத்தால் தட்டிப்போயிற்று. பிறகு அவளே போதும் என்று விட்டுவிட்டாள். சின்னவள் எலக்ட்ரீஷியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, ஒரு மகளையும் பெற்று, பஸ்ஸில் போனால் அரைமணி தூரத்தில் குடியிருந்தாள். வேலை ஒரு துணிக்கடையில்.

வாய் என்றால் சின்னவள் வாய்தான் வாய். சட்டைத்துணி எடுக்க வந்தவனிடம் திரைச்சீலையையும் சேர்த்துக் கட்டிவிடுவாள். "இந்தக் கலர் உங்களுக்காகவே சாயம் போட்ட மாதிரி இருக்கு சார், வேற யாராவது எடுத்துட்டுப் போனா எனக்கே மனசு ஆறாது" என்பாள். மறுநாள் அதே வசனத்தை வேறொருவரிடம் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவள் தங்கை வீட்டுக்குப் போனால், வாரம் முழுக்கக் கடையில் நடந்ததையெல்லாம் சின்னவள் நடித்தே காட்டுவாள். பெரியவளிடம் திருப்பிச் சொல்ல ஒன்றும் இருக்காது. அவள் மேஜைக்கு வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது.

வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு எக்ஸ்ரே உறையோ, மடித்து மடித்துக் கிழிந்த மருந்துச் சீட்டோ வைத்திருப்பார்கள். "டாக்டர் என்னமோ சொன்னாரும்மா, பேரு வாய்ல நுழையல" என்று சீட்டை நீட்டுவார்கள். இப்போது எல்லாரிடமும் போன் இருக்கிறது. ஆனாலும் வந்தார்கள். "போன்ல பார்த்தா பத்து விதமா சொல்லுதும்மா. ஒருத்தன் எலுமிச்சம்பழம் சாப்பிடுங்கறான், ஒருத்தன் ஆறு மாசம்ங்கறான். அச்சடிச்ச புத்தகத்துல என்ன போட்டிருக்குன்னு பார்த்துட்டா நிம்மதி" என்று ஒருவர் சொன்னார். நிம்மதி என்று அவர் சொன்னதை அவள் மறக்கவில்லை. அவர் கேட்ட புத்தகத்தில் அது இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதிருந்த தலைமை நூலகர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "புத்தகத்தை எடுத்துக் கொடுங்க. பக்கத்தைக் காட்டுங்க. அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க. விளக்கம் சொல்றது நம்ம வேலை இல்ல. இன்னொண்ணு, இந்த அறைப் புத்தகம் எதுவும் வாசல் தாண்டக் கூடாது." அவள் அப்படியே நடந்தாள். கேட்டவர்களுக்கு மறைக்காமல் கொடுத்தாள். கேட்காதவர்களிடம் எதையும் திணிக்கவில்லை. தனக்கு ஒரு நேர்மை இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான். கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொன்னதில்லை.

பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. முதலில் எல்லாரும் படத்தைப் புரட்டுவார்கள். பிறகு முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக ஆரம்பிப்பார்கள். பாதியில் பொறுமை போய்விடும். கடைசியில் 'நோயின் போக்கு' என்ற தலைப்புக்குத் தாவுவார்கள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அந்தப் பக்கங்கள்தான் விரல் பட்டு அழுக்கேறியிருக்கும். அதைப் படிக்கும்போது சிலர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்பார்கள். சிலர் மேஜைக்கு வந்து, "அடுத்த புத்தகம் எதுலயாவது வேற மாதிரி போட்டிருக்குமா?" என்று கேட்பார்கள். அவள் அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுப்பாள். அதிலும் அப்படித்தான் போட்டிருக்கும்.

அடுக்கு வேலை பார்க்கிற ஊழியர் ஒருவர் இருந்தார். சுருட்டை முடி, அதனால் எல்லாருக்கும் சுருட்டை. "நம்ம கடைக்கு வந்தவன் எவனும் சிரிச்சிட்டுப் போனதில்லக்கா. உங்க தங்கச்சி கொடுத்து வச்சவங்க. துணி வாங்குறவன் முகத்தைப் பார்த்துக்கிட்டே சம்பளம் வாங்குறாங்க" என்பார். அதைச் சின்னவளிடம் சொன்னபோது, "அப்போ நாம வேலையை மாத்திக்கலாமா? நான் வந்தா உன் கடையில ஒருத்தனுக்கு ரெண்டு நோயா கட்டிவிட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சின்னவளுக்குத்தான் நாக்கு வழுக்க ஆரம்பித்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'ர'வும் 'ல'வும் குழைந்தன. மூக்கடைத்த மாதிரி ஒரு பேச்சு. பல் டாக்டரிடம் போனாள், ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர் குடித்தால் புரையேறிற்று. கடையில் கத்தரிக்கோல் ஒருமுறை கை நழுவிக் கீழே விழுந்தது. முதலாளி ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "குடிப்பழக்கம் ஏதாவது உண்டாம்மா? கஸ்டமர் ஒருத்தர் சொன்னார்" என்று கேட்டுவிட்டார். சின்னவள் அதையும் ஞாயிற்றுக்கிழமை நடித்துக் காட்டினாள். முதலாளி மாதிரி தொந்தியைத் தள்ளிக்கொண்டு நின்றாள். ஆனால் பாதியில் சிரிப்பு அழுகையாகி, நிறுத்த முடியாமல் வெகுநேரம் அழுதாள். "எதுக்கு அழறேன்னே தெரியலக்கா. அழணும்னு தோணவே இல்ல, தானா வருது" என்றாள். பெரியவளுக்கு எங்கேயோ, ஏதோ ஒரு பக்கத்தில், தானாக வரும் சிரிப்பும் அழுகையும் என்று படித்த ஞாபகம். எந்தப் புத்தகம் என்று அவள் தேடிப் பார்க்கவில்லை. தேட வேண்டாம் என்றே இருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்துப் பரிசோதனை செய்தார்கள். தசைகளில் ஊசி குத்தி எதையோ அளந்தார்கள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கை மட்டும் வெகுநேரம் பார்த்தார்கள். அதன் பிறகு ஒரு மதிய வேளையில் தங்கை கணவன் சின்ன வாசல் வழியாக நூலகத்துக்கு வந்தான். வேலை உடுப்பிலேயே வந்திருந்தான், இடுப்பில் டெஸ்டர் செருகியிருந்தது. மற்றவர்களைப் போலவே அவன் கையிலும் ஒரு தாள்.

"அக்கா, டாக்டர் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டு சொன்னார். அவகிட்ட எப்போ சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்கன்னுட்டார். இது என்னன்னு பாருங்க."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பெயரை இரண்டாவது முறை படிக்க வேண்டியிருக்கவில்லை. நரம்பியல் அலமாரி எங்கே, எந்தத் தட்டு, எந்தப் புத்தகம் என்று கால் தானாகப் போயிற்று. புத்தகத்தை எடுத்து வந்து அவன் முன்னால் விரித்தாள். விரித்த கை அதைத் தானே திருப்பித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அவள் படித்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மருந்து இருக்காக்கா?"

"ஒரு மாத்திரை இருக்கு தம்பி. கொஞ்ச மாசம் கூட்டிக் கொடுக்கும்."

"அப்புறம்?"

அவள் கண் அடுத்த வரிக்குப் போயிற்று. பேச்சு போகும், விழுங்குவது போகும், கை கால் போகும், கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் அப்படியே இருக்கும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. அந்தப் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பக்கத்தின் ஓரம் அழுக்கேறியிருந்தது.

"அவகிட்ட சொல்ல வேணாம்க்கா" என்றான் அவன். "நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்னு சொல்லிடறேன். நீங்களும் அதையே சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா. நீங்க தானே புத்தகத்துக்கு நடுவுல இருக்கீங்க."

அவன் கெட்டவன் அல்ல. பயந்துபோனவன். பெரியவளுக்கும் அவனை விடப் பயம் குறைவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை கேட்டபோது, "நரம்பு விஷயம்டி, மெதுவாத்தான் சரியாகும். நிறைய பேருக்கு வருது" என்று வாய் கூசாமல் சொன்னாள். சின்னவள் அவளையே பார்த்தாள். "நிறைய பேருக்கா?" என்றாள். "ஆமா." "சரியாயிடுச்சா அவங்களுக்கெல்லாம்?" "ஆயிடும்."

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள், கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்த பிற்பகல். சின்ன வாசலில் சின்னவள் வந்து நின்றாள். தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். முகத்துக்குப் பவுடர் போட்டு, கடைக்குப் போகிற உடுப்பில் இருந்தாள். மேஜைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அவளும் வரிசையில் நின்றாள். அக்காவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. பெரியவள் முன்னால் நின்றவருக்கு ஈரல் பற்றிய புத்தகத்துக்குப் பதில் இருதயம் பற்றியதை எடுத்துக் கொடுத்து, அவர் திருப்பித் தர, மாற்றிக் கொடுத்தாள்.

சின்னவள் முறை வந்தது. பேசினால் குழறும் என்று அவள் ஒரு துண்டுத்தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். அதை மேஜை மேல் வைத்தாள். நோயின் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல்.

பெரியவளுக்கு அந்த நேரத்தில் என்னவெல்லாம் தோன்றியது என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். எழுந்து போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, ஆமாண்டி என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் பேசாமல், எல்லாருக்கும் செய்கிற மாதிரி, அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து வைத்திருந்தால்கூடப் போதும். எதையும் செய்யவில்லை.

"அந்தப் புத்தகம் வெளியே போயிருக்கு" என்றாள்.

சின்னவள் துண்டுத்தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"வெளியே?" என்றாள். அந்த ஒரு சொல்லே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த அறைப் புத்தகம் வாசல் தாண்டாது என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை பெரியவளே சொல்லியிருக்கிறாள். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது படம் பார்க்க ஒரு புத்தகம் கொண்டுவாயேன் என்று கேட்டதற்கு, "செத்தாலும் தாண்டாது" என்று அவள் கறாராகச் சொன்னதை வைத்துச் சின்னவள் வருஷக் கணக்கில் கேலி செய்திருக்கிறாள்.

"யாரோ ஒரு டாக்டர் எடுத்துட்டுப் போயிருக்கார். எப்போ வரும்னு தெரியல" என்று பெரியவள் சொல்லிக்கொண்டே போனாள். "நீ எதுக்கு இவ்வளவு தூரம் தனியா வந்தே? இதெல்லாம் யார் உனக்கு எழுதிக் கொடுத்தது? இது உனக்கில்ல. இது வேற."

சின்னவள் துண்டுத்தாளை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோர மேஜையில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். புரையேறிற்று. அறையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு இருமினாள். சுருட்டை ஓடிப்போய்த் தலையில் தட்டினார். இருமல் அடங்கியதும் எழுந்து, அக்கா பக்கம் திரும்பாமல், வாசல் தாண்டிப் போய்விட்டாள். பெரியவள் பின்னால் போகவில்லை. மேஜைக்கு முன்னால் அடுத்த ஆள் நின்றிருந்தார்.

அதன் பிறகு சின்னவள் போனை எடுக்கவில்லை. பேச முடியாததால் எடுக்கவில்லை என்று பெரியவள் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை போனால், தூங்குகிறாள் என்று மகள் வாசலிலேயே சொன்னாள். அடுத்த முறை தங்கை கணவன் வெளியே வந்து, முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் வர வேணாம்னு சொல்றாக்கா. காரணம் சொல்ல மாட்டேங்கறா" என்றான். பெரியவள் கொண்டுபோன பழத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

அந்த மாதங்களில் அவள் மேஜைக்கு வந்தவர்களை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கேட்டதைக் கொடுத்தாள். யார் யாருக்கோ கொடுத்தாள். ஒருநாள் ஒரு அம்மாள் தன் மருமகளுக்குச் சொல்லாமல் படிக்க வந்திருப்பதாகச் சொன்னபோது, "அவங்ககிட்டயே சொல்லிடுங்கம்மா" என்று வாய் திறந்துவிட்டாள். அந்த அம்மாள், "உங்க வீட்டுல வந்தா நீங்க சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, யோசனை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பெரியவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தங்கை கணவனே ஒருநாள் போன் செய்தான். "வாங்கக்கா. வரச் சொல்றா. எனக்கும் முடியல. நானும் வேலைக்குப் போய் ரொம்ப நாளாச்சு."

அவள் போய்ப் பார்த்தபோது சின்னவள் முன்னறையில் சாய்வுக் கட்டிலில் கிடந்தாள். ஆளே பாதியாக இளைத்திருந்தாள். வயிற்றில் குழாய் பொருத்தி அதன் வழியாகக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. வலது கை செத்துப்போயிருந்தது. இடது கையின் இரண்டு விரல் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்டது. மகள் ஒரு போனை ஸ்டாண்டில் பொருத்தி, அந்த விரலுக்குக் கீழே வைத்திருந்தாள். சின்னவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவாள். ஒரு வரி வருவதற்குள் எதிரே இருப்பவருக்கு மூச்சு முட்டும்.

பெரியவள் கட்டிலருகே உட்கார்ந்து அழுதாள். சின்னவள் அழுது முடியட்டும் என்று காத்திருந்தாள். பிறகு தட்டினாள்.

'அன்னைக்கே தெரியும். அவர் போன்ல பார்த்தேன்.'

"அப்புறம் எதுக்குடி அங்க வந்தே?"

விரல் வெகுநேரம் எடுத்துக்கொண்டது. 'நீ சொல்வேன்னு.'

பெரியவள் தப்புதான், மன்னிச்சிடு என்று என்னென்னவோ சொன்னாள். உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் என்றாள். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா சொல்லி முடித்ததும் திறந்து, மறுபடி தட்டினாள்.

'ஊருக்கெல்லாம் குடுத்தே.'

பிறகு இன்னும் ஒரு சொல்.

'கொண்டா.'

மறுநாள் பெரியவள் அந்தப் புத்தகத்தைத் தன் கைப்பையில் போட்டு, மேலே துண்டைப் போட்டு மூடி, சின்ன வாசல் வழியாக வெளியே கொண்டுபோனாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். புரியாத சொல் வந்தால் நிறுத்தி, எளிதாக மாற்றிச் சொன்னாள். விளக்கம் சொல்லக் கூடாது என்ற கட்டளையெல்லாம் எங்கேயோ போயிற்று. சின்னவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். நாக்கைப் பற்றி, விழுங்குவதைப் பற்றி, தானாக வருகிற அழுகையைப் பற்றி வந்தபோது அவள் முகத்தில் ஒரு சலனம் தெரிந்தது. 'நோயின் போக்கு' வந்தது. பெரியவள் மூச்சைப் பற்றிய வரி வரைக்கும் வந்து நிறுத்தினாள். கட்டில் விளிம்பில் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. படி என்று அர்த்தம். அவள் படித்தாள். கடைசிப் பத்தி வரைக்கும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததையும் விடாமல் படித்து முடித்தாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் ஏதாவது இலகுவாகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. சின்னவள் ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தாள். விரல் போன் பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி போயிற்று.

'இவ்வளவுதானா.'

"இவ்வளவுதான்டி."

'வேற புத்தகம்?'

எத்தனையோ பேர் அந்த மேஜை முன்னால் நின்று கேட்ட கேள்வி. பெரியவள் தலையை அசைத்தாள். "எல்லாத்துலயும் இதேதான்."

சின்னவளுக்கு அழுகை வந்தது. அது தானாக வந்த அழுகையா, அவளே அழுத அழுகையா என்று பெரியவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சத்தமில்லாத அழுகை. எச்சில் வழிந்தது. பெரியவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு பெரியவள் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டிலேயே தங்கினாள். குழாயில் ஊற்றினாள், புரட்டிப் படுக்கவைத்தாள், கருவி வைத்துச் சளியை உறிஞ்சி எடுத்தாள். அக்காள் தங்கைக்குள் பழைய நாட்கள் திரும்பவில்லை. சின்னவள் அவளை விலக்கவும் இல்லை, நெருக்கமாகச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. நர்ஸ் ஒருத்தி செய்வதை ஏற்றுக்கொள்கிற மாதிரி ஏற்றுக்கொண்டாள். விரல் நின்ற பிறகு கண்ணால் காட்டிப் பேச மகள் எழுத்துகள் எழுதிய ஒரு அட்டை செய்துவைத்தாள். அந்த அட்டையில் சின்னவள் மகளோடு பேசினாள், கணவனோடு பேசினாள். கடை முதலாளி பார்க்க வந்தபோது அவரிடம்கூட ஏதோ சொல்லி அவரைச் சிரிக்கவைத்தாள். சிரித்துவிட்டு மனிதர் தெருவில் நின்று அழுததைப் பெரியவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெரியவளிடம் 'தண்ணி', 'திருப்பு', 'போதும்' என்ற அளவில்தான் பேச்சு. இன்னும் ஒரு வரி தனக்கு வரும் என்று அவள் ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள். வரவில்லை.

விடுப்பு தீர்ந்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் ஒரு காலை சின்னவள் போய்விட்டாள். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றதாக மகள் சொன்னாள். போன் வந்தபோது பெரியவள் ஒரு வயதானவருக்குக் கண்நோய்ப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர், "போயிட்டு வாங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார். யாருடைய போன், என்ன செய்தி என்று அவருக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு அவள் தலைமை நூலகரிடம் போய்த் தன்னை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். பழைய இதழ்கள் அடுக்கிக் கிடக்கிற கீழ்த்தளத்துக்குப் போனால் போதும், அங்கே யாரும் வர மாட்டார்கள் என்றாள். அவரும் வருத்தப்பட்டார். ஆனால், "அந்த மேஜைக்கு வேற யாரும் வர மாட்டேங்கறாங்களேம்மா. ஒரு மாசம் உட்கார்ந்தவங்க ரெண்டாம் மாசம் ஓடிடறாங்க. நீங்கதான் தாங்குறீங்க" என்றார். அவளைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார். அவள் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் போய் வருகிறாள். தங்கை கணவன் அதிகம் பேசுவதில்லை. மிக்சியோ இஸ்திரிப் பெட்டியோ எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், மாலை வரைக்கும் திரும்பப் பூட்ட மாட்டான். மகள் சமைப்பாள், பரிமாறுவாள். ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"பெரியம்மா, அது எனக்கும் வருமா?"

பெரியவள் இந்தத் தடவை தயங்கவில்லை. "பெரும்பாலும் வராது. ஆனா சில குடும்பத்துல வரும்."

"நம்ம குடும்பம் எதுல சேர்த்தி?"

"தெரியாதும்மா. ஒருத்தருக்கு வந்ததை வச்சுச் சொல்ல முடியாது. ரெண்டாவது ஆளுக்கு வந்தாத்தான் தெரியும்."

மகள் குழாயை மூடினாள். ரெண்டாவது ஆள் என்றால் யார் என்று அவள் கணக்குப் போடுவது முதுகிலேயே தெரிந்தது. ஒன்று அவள். இல்லாவிட்டால் பெரியம்மா. "சொன்னதுக்கு நன்றி" என்றாள். கோபமாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

அன்றைக்குத் திரும்புகிற பஸ்ஸில் பெரியவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. வண்டி கடைத்தெரு வழியாகப் போனது. அவள் பெயர்ப் பலகைகளை வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு வந்தாள். 'ர' வருகிற பெயர், 'ல' வருகிற பெயர். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒரு பலகையில் நாக்கு இடறிய மாதிரி இருந்தது. களைப்பாக இருக்கலாம். அதை மறுபடி, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பி, "என்னம்மா கேட்டீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் பெரியவள். அந்தச் சொல்லையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டாள்.